பாதியில் எழுந்துவிடும் கோழி

இப்போது ஒரகடம் சாலையில் எங்கே பார்த்தாலும் நாட்டுக் கோழி என்று பலகை தொங்குகிறது. உள்ளே கூண்டில் நிற்பதில் பாதிக்கு மேல் கலப்பு. என் மருமகன் ஒன்றை வாங்கி வந்து, இது அசல்தானா பாருங்கள் என்று என் முன்னால் நீட்டுகிறார். காலின் நிறத்தைப் பார்க்க வேண்டும், கொண்டையைப் பார்க்க வேண்டும், காது மடல் வெள்ளையா சிவப்பா என்று பார்க்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. அதையெல்லாம் பார்த்துத்தான் 1991-ல் எங்கள் ஊரில் ஒருவர் என் கோழியை இன்னொருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்தார்.

அந்த இன்னொருத்தனை நான் இதில் அவன் என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் வாங்க மாமா, போங்க மாமா என்று மரியாதையாகப் பேசினேன். பேசியது போதும். என் கணவருக்கு அவன் பங்காளி முறையில் அண்ணன். மறைமலை நகரில் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனையில் வந்து நிற்கும். அதில் ஏறுகிற ஆள் அப்போது எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான். மற்ற ஆண்கள் வேர்க்கடலை போட்டார்கள், ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல் போட்டார்கள், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் சொல்லி வைத்தால் கம்பெனிக்கு உள்ளே போய்விடலாம் என்று ஊரே நம்பியது. என் கணவரும் நம்பினார். அவன் வீட்டில் வைக்கோல் போர் போட வேண்டும் என்றால் கூப்பிடாமலே போய் நிற்பார். நான் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு ஷெட்டில் ரப்பர் வாஷர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை வெட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கும்.

கோழி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். பின்னால் பெரிய கூடை, கூடை நிறையச் சாயம் போட்ட குஞ்சுகள். ரோஸ், பச்சை, மஞ்சள். உடைந்த பிளாஸ்டிக் சாமான் கொடுத்தால் குஞ்சு தருவார். பண்ணைகளில் சேவல் என்று கழித்துப் போடுவதைத்தான் அவர் அள்ளி வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டொரு நாளில் செத்துப்போகும், பிள்ளைகள் அழும், அவர் அடுத்த தடவை வரும்போது இன்னொரு பக்கெட் உடைந்திருக்கும். என் மகள் கேட்டாள் என்று ஓட்டை பக்கெட்டைக் கொடுத்து ஒரு பச்சைக் குஞ்சை வாங்கினேன். அது சாகவில்லை. சாயம் போய், வெள்ளைச் சேவலாக வளர்ந்து, என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்திருந்த கருப்புப் பெட்டையோடு சேர்ந்தது. அதில் பொரித்த குஞ்சுகள் எல்லாம் வெள்ளையில் கரும்புள்ளி. ஒன்று மட்டும் செம்பழுப்பு. கழுத்தில் கருப்பு, கால் பச்சை கலந்த கருப்பு, கொண்டை சின்னது. பார்த்தால் அசல் நாட்டுக் கோழி மாதிரியே இருக்கும். அதுதான் அந்தக் கோழி.

எங்கள் பக்கம் குஞ்சாக இருக்கும்போதே ஒரு விரல் நுனியை நறுக்கிக் குறி வைப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விரல். எங்கள் வீட்டுக்கு இடது கால் வெளி விரல். பிசிர் வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே நறுக்கி மஞ்சள் வைத்தேன்.

வளர்ந்து முட்டையிட்டது. நிறைய இட்டது. பிறகு நாட்டுக் கோழி மாதிரியே உடம்பை உப்பிக்கொண்டு கர்ரென்று சத்தம் போட்டு அடைக்கு உட்கார்ந்தது. சந்தோஷமாக முட்டைகளை வைத்தேன். பொரிக்க ஆகிற இருபத்தொரு நாளில் பாதி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு காலையில் எழுந்து குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்தது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. திரும்பப் பிடித்து உட்கார வைத்தால் என்னைக் கொத்தியது. அடுத்த முறையும் அப்படியே. அம்மாவின் ரத்தம் அதை உட்கார வைத்தது, அப்பனின் ரத்தம் பாதியில் எழுப்பிவிட்டது. அதுதான் அந்தக் கோழியின் ரகம். கொண்டையில் தெரியாது, காலில் தெரியாது. முட்டை வைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே குழம்பு. அதனால் முட்டைகளை எருக்குழியில் புதைத்துவிட்டு, பாம்பு தின்றுவிட்டது என்று சொன்னேன். இரண்டு தடவையும் பாம்பு. அவரும் தடி எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் தட்டிப் பார்த்தார்.

தை மாதம் கோழி காணாமல் போனது. கீரி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மாசியில் ஒரு நாள் அவன் வீட்டுப் பின்பக்கம் ஒரு முறம் திருப்பிக் கொடுக்கப் போனேன். தென்னை மரத்தடியில் கந்தல் துணியால் காலில் கட்டிப்போட்டு என் கோழி நின்றது. என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. புதிதாக வாங்கின கோழியைத்தான் அப்படிக் கொஞ்ச நாள் கட்டிப்போடுவார்கள், வீடு பழகட்டும் என்று. சொந்தக் கோழியை யாரும் கட்டுவதில்லை. அவன் மனைவியிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் கேட்டுக்கோ என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டி வாசலில் பேச்சு நடந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் கேனோடு நின்றுவிட்டார்கள். நான் குறியைக் காட்டினேன். இடது கால் வெளி விரல் நறுக்கியிருந்தது. அவன் வலது காலைத் தூக்கிக் காட்டினான். அதிலும் நறுக்கியிருந்தது, புதுசாக, ஓரம் இன்னும் கருப்பாகக் காய்ந்திருந்தது.

"ரெண்டு கால்லயும் கீது பாரு. அது எங்க வூட்டுக் குறி. எங்க வூட்டு செவலப் பெட்டைக்குப் பொறந்தது இது. உன்னுது சாயக் குஞ்சுக்குப் பொறந்த கலப்புன்னு நீயே சொல்ற. இது கலப்பா? நைனாவக் கேளு."

நைனா என்று ஊரில் எல்லோரும் கூப்பிட்டது சண்டைச் சேவல் வளர்க்கிற ஒருவரை. பொங்கலுக்குச் சேவல் கட்டுகிற இடங்களில் அவருக்குத் தனி நாற்காலி போடுவார்கள். கோழி விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அவருடைய சின்ன மகனும் கம்பெனிக்கு உள்ளே போகக் காத்துக்கொண்டிருந்தான். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோழியை மடியில் போட்டு, காலைத் தடவி, காது மடலை விரலால் விரித்து, இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். வாயைக்கூடத் திறந்து பார்த்தார்.

"கால்ல மஞ்சள் கெடையாது. காதுல வெள்ள கெடையாது. இது சுத்தமான நாட்டுக் கோழிம்மா. பண்ண ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் நா மீசைய எடுத்துடறேன்."

நான் விடவில்லை. அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி பொழுது சாயும்போது கோழியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் விட்டார்கள். எந்த வீட்டில் போய் அடைகிறதோ அந்த வீட்டுக் கோழி. மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் இப்படித்தான் தீர்ப்பு. அது கொஞ்ச நேரம் நின்று மண்ணைக் கொத்திவிட்டு, நேராக அவன் வீட்டுத் தென்னை மரத்தடிக்குப் போனது. கட்டிப்போட்டுத் தீனி வைத்த இடத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? இது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் அது அவன் வீட்டுக் கோழி என்று தீர்த்துவிட்டார்கள்.

ஒருவன்மேல் திருட்டுப் பட்டம் கட்டினால் கட்டினவள் எல்லோர் முன்னாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் முடியாது என்றேன். என் கணவர் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லிட்டு வாடி. ஒரு கோழிக்காக என் பொழப்பக் கெடுக்காத."

சொன்னேன். அது என் கோழி இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லு, பின்னால் கேட்கவில்லை என்று அவன் சொன்னான். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என்னிடம் இன்னும் ஒரு அடையாளம் இருந்தது. இது பாதியில் எழுந்துவிடும் கோழி என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்கள். அது முட்டையில்தான் தெரியும், முட்டைக்குக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். கோழி எனக்கு வேண்டாம். நான் சொன்ன அந்தச் சொல்லை அதே இடத்தில், அதே சத்தத்தில் அவன் தன் வாயால் அழிக்க வேண்டும். ஷெட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தேன். வாஷர் ஒவ்வொன்றும் எனக்கு அவன் காதாகத் தெரிந்தது.

பங்குனியில் குழாயடியில் அவன் மனைவி சொன்னாள், கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம். அதோடு நிற்கவில்லை. நைனா சித்தூர்ப் பக்கமிருந்து ஒரு சண்டைக் கோழிப் பெட்டை வாங்கி வந்திருந்தார். அந்தப் பெட்டை இடுவதே கொஞ்சம் முட்டை. அடைக்கு விட்டால் மாதக் கணக்கில் முட்டை நின்றுவிடும். அதனால் அவர் முட்டைகளை நம்பிக்கையான நாட்டுக் கோழியாகப் பார்த்து அதன் வயிற்றின் கீழ் வைப்பார். பொரிக்கிற குஞ்சில் கோழிக்காரருக்குப் பாதி, அவருக்குப் பாதி. இந்தத் தடவை எந்தக் கோழியின் கீழ் வைத்தார் தெரியுமா? அவரே மடியில் போட்டுப் பார்த்துச் சுத்தமான நாட்டுக் கோழி என்று சொன்னாரே, அதன் கீழ்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு நாள் கழித்து அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. நைனாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மீசைமேல் சத்தியம் செய்த மனிதர், அனுபவிக்கட்டும் என்று இருந்தேன்.

பாதி நாள் நெருங்கியதும்தான் வாயைத் திறந்தேன். அதுவும் முட்டைகளைக் காப்பாற்ற இல்லை. முன்கூட்டியே சொன்னாள் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்து சொசைட்டிக்குப் போனேன். அவனும் நைனாவும் அங்கே இருந்தார்கள்.

"மாமா, அந்தக் கோழி பாதியில ஏந்துடும். முட்டைய வேற கோழிக்கு மாத்திடுங்க."

"இன்னும் அந்தக் கோழி மேலயே கண்ணு கீது பாரு இதுக்கு" என்று கேனோடு நின்ற ஒருவர் சொன்னார்.

நைனாவுக்கு முகம் லேசாக மாறியது. தன் முட்டை இல்லையா. அவனைப் பார்த்து, இதுக்கு முன்னாடி இது அடை உட்கார்ந்திருக்கா என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். தெரியாது என்று சொன்னால் அவன் கோழி இல்லை என்று ஆகிவிடும். அவன் பொய்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

"போன வருசம் ரெண்டு ஈடு குஞ்சு எறக்கிச்சி நைனா. ஒரு முட்ட கெடல. இது வயித்தெரிச்சல்ல பேசுது."

"ரெண்டு ஈடு" என்றேன். "நைனா, கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்கங்க."

"கேட்டாச்சு, போம்மா" என்றார் நைனா.

இரண்டு நாள் போகவில்லை. சாயங்காலம் நான் ஷெட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி பின்வழியாக வந்தாள். முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். கோழி எழுந்துவிட்டதாம். பிடித்து உட்கார வைத்தால் கொத்துகிறதாம். கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்தால் உள்ளே நின்று முட்டைகளை மிதிக்கிறதாம்.

"மறுபடி எப்பிடி உக்கார வெக்கறதுடி? உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"உங்க கோழி தானக்கா. ரெண்டு ஈடு எறக்கின கோழி. உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் வந்த வழியே திரும்பிப் போனாள். அவள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றுமில்லை. அந்தக் கோழியை யாராலும் திரும்ப உட்கார வைக்க முடியாது.

மறுநாள் பால் ஊற்றும் நேரத்துக்கு நான் சொசைட்டிக்குப் போய் நின்றேன். எங்களுக்கு மாடு கிடையாது. சும்மா நின்றேன். நைனா முட்டைகளை முறத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவன், கம்பெனிச் சட்டையோடு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வழியெல்லாம் வாக்குவாதம் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். நைனா ஒரு முட்டையைப் படியில் உடைத்தார். உள்ளே குஞ்சுக்குக் கண் வைத்திருந்தது, மூக்கு வைத்திருந்தது. செத்துக் கருத்திருந்தது. அந்தப் பெட்டைக்காக அவர் ஆந்திராவரைக்கும் போய் வந்தவர்.

கோழியைத் தொந்தரவு செய்திருக்கிறாய், நாயை விட்டிருக்கிறாய், இடம் மாற்றியிருக்கிறாய் என்று அவனை ஒருமையில் திட்டினார். மகன் வேலை, கம்பெனி எல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை. நாட்டுக் கோழி செத்தாலும் அடையைவிட்டு எழுந்திருக்காது, நீதான் கெடுத்தாய் என்றார். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி அவனுக்குப் பழக்கம் இல்லை. மூஞ்சி சிவந்து கத்திவிட்டான்.

"நாட்டுக் கோழியா இருந்தாதான நைனா உக்காரும்? இது கலப்பு. கலப்புக் கோழி இப்பிடித்தான் பாதியில ஏந்துக்கும். அதுக்கு நா இன்னா பண்றது?"

பால் அளந்துகொண்டிருந்தவர் அளப்பதை நிறுத்திவிட்டார்.

"கலப்பா மாமா?" என்றேன். நான் கத்தவில்லை. "உங்க வூட்டு செவலைக்குக் கலப்பு எப்பிடிப் பொறந்துது?"

கோழி அவன் கக்கத்தில் கொக்கொக் என்றது. நைனா அவனைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். நாட்டுக் கோழிதான் என்று சாதித்தால் அவர் தீர்ப்பு நிற்கும். கலப்பு என்று ஒத்துக்கொண்டால் முட்டை போனதற்கு ஆள் கிடைப்பான். அவர் முட்டையின் பக்கம் போனார்.

"போன வருசம் ரெண்டு ஈடு எறக்கிச்சின்னு இதே எடத்துல சொன்ன. உன் கோழியா இருந்தா இது ஏந்துக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருக்காதா? அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிக்கீது."

"மீசைய எப்ப எடுக்கப் போற நைனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நைனா திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த மீசையோடேதான் அவர் பல வருஷம் கழித்துச் செத்தார்.

அவன் கோழியை என் பக்கம் நீட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோழியை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவன் தப்பித்திருப்பான். நான் மாசி மாதம் சொன்னதை அழியுங்கள் என்றேன். அவன் என் கணவரைத் தேடினான். அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான், அது என் கோழி இல்லை, இவளுடையது, தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று.

"பின்னால கேக்கல மாமா" என்றேன்.

இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னான். அதற்கப்புறம்தான் கையை நீட்டினேன்.

என் கணவர் கம்பெனிக்கு உள்ளே போகவே இல்லை. கடைசிவரைக்கும் லாரிக்கு லோடு ஏற்றினார். நைனாவின் சின்ன மகனும் போகவில்லை. கோபம் வரும்போதெல்லாம் என் கணவர் அந்தக் கோழியைச் சொல்லிக் காட்டுவார். சொல்லிக்கொள்ளட்டும். அவன் யாரையும் உள்ளே கொண்டுபோகிற ஆள் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. தெரியாமலே போயிருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

கோழியை நான் அறுக்கவில்லை. அடைக்கும் வைக்கவில்லை. தினமும் கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்குக் கூடையைத் திறந்து, அவன் நடந்து போகிற வழியில் கைப்பிடி நொய் இறைப்பேன். அது அவன் காலடியில் குறுக்கே ஓடி ஓடிப் பொறுக்கும். கொஞ்ச நாளில் அவன் ஊர் முனையில் ஏறுவதை விட்டுவிட்டு, ஏரிக்கரை வழியாக அடுத்த ஊர்வரைக்கும் நடந்து போய் அங்கே பஸ் ஏறினான். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். கோழி சாகிறவரைக்கும் நான் நொய் இறைப்பதை நிறுத்தவில்லை.